பொலேரோ பின்கதவில் சப்வூஃபர் பெட்டி: புதிதாக இறங்குபவர்களுக்கு

செட்டிநாட்டு ஊர்களில் பொலேரோவுக்கு ஓய்வே கிடையாது. கல்யாணச் சாமான் ஏற்றுவதும் அதில்தான், குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் வீட்டோடு கிளம்புவதும் அதில்தான். அப்படிப்பட்ட வண்டியில் நல்ல பேஸ், அதாவது அடியில் குமுறும் தாழ்ந்த ஒலி, வேண்டுமென்று ஆசைப்பட்டால் முதலில் இடிப்பது இடம். பின்னால் எதிரெதிராகப் பக்க சீட்டுகள். நடுவில் ஒரு சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) பெட்டியைப் போட்டால் ஆயா காலை எங்கே வைப்பார்கள்? சீட்டுக்கு அடியிலும் பெரிதாக எதுவும் நுழையாது. மிஞ்சுவது பின்கதவுதான்.

பக்கவாட்டில் திறக்கும் பின்கதவு உள்ள வண்டிகளுக்காக இதை எழுதுகிறேன். பொலேரோவை மனதில் வைத்துச் சொன்னாலும் தார், ஜிம்னி, பழைய ஈக்கோஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். மேல்நோக்கித் தூக்கும் டிக்கிக் கதவு என்றால் இந்த வேலை வேண்டாம். அதைத் தாங்கும் கேஸ் ராடு அந்தக் கதவின் எடைக்கென்றே கணக்கிட்டு வைத்தது. கூடுதலாக 10 கிலோ ஏற்றினால் கதவு என்றைக்காவது தலையில் இறங்கும்.

வேலையைத் தொடங்குமுன் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதுதான்: சப் மாட்டிய பிறகும் அது கதவாகவே இருக்க வேண்டும். தொங்காமல் மூட வேண்டும், மழைத்தண்ணீரை வெளியே விட வேண்டும், உள்ளிருப்பவர் அவசரத்துக்குத் திறந்து இறங்க முடிய வேண்டும். பலர் சப்பையும், அதற்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்ளிஃபையரையும் (ஆம்ப்) வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் கதவைப் பார்க்கிறார்கள். கதவைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவதே சரியான வரிசை.

கதவுக்குள் என்ன இருக்கிறது?

உள்பக்கத்து டோர் பேடைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்களை எடுத்த பின் பிளாஸ்டிக் கிளிப்புகள் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கிளிப்பும் உடையும், பெயிண்டும் கீறும். பிளாஸ்டிக் நெம்புகோல் செட் விலை அதிகமில்லை. கிளிப்புகள் எப்படியும் இரண்டு மூன்று போய்விடும், உபரியாக வாங்கி வையுங்கள்.

பேடுக்குப் பின்னால் பூட்டு, அதிலிருந்து கைப்பிடிக்குப் போகும் கம்பி, சில மாடல்களில் பின் வைப்பர் மோட்டார், ஒயர்க் கட்டு, ஸ்டெப்னி தாங்கியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் எல்லாம் தெரியும். கதவைத் திறந்து மூடி, கைப்பிடியை இழுத்துப் பார்த்து, எது எவ்வளவு நகர்கிறது என்று கவனியுங்கள். நகரும் எதன் மேலும் பெட்டி உரசக் கூடாது. ஸ்டெப்னி போல்ட்டுகளைத் தொடவே வேண்டாம்.

கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி ரப்பர் வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. நம் பக்கத்துச் செம்மண் புழுதி அதில் அடைந்து கட்டியாகி இருக்கும். ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, மேலே இருந்து ஒரு சொம்பு தண்ணீர் விட்டுப் பாருங்கள். உள்ளே எந்த இடம் நனைகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். பெட்டி அந்தப் பாதைக்குள் வரக் கூடாது.

எடை

பொலேரோவின் பின்கதவு ஏற்கெனவே ஸ்டெப்னியைச் சுமக்கிறது. இரும்பு ரிம்மோடு அது ஏறக்குறைய 20 கிலோ. இதற்கு மேல் எவ்வளவு ஏற்றலாம் என்றால், என் கணக்கில் பெட்டி, சப், போல்ட் எல்லாம் சேர்த்து 12 கிலோ. அதைத் தாண்டினால் கீலும் பூட்டும் சீக்கிரம் தேயும்.

கதவைப் பாதி திறந்து, கீலுக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்குங்கள். லொடலொடவென்று ஆடினால் கீல் பின் தேய்ந்திருக்கிறது. முதலில் டிங்கரிங் பட்டறையில் அதைச் சரிசெய்யுங்கள், சப் அப்புறம். பழைய வண்டியில் கீல் போல்ட்டைச் சுற்றித் தகடு துருப்பிடித்து மெலிந்திருந்தால் இந்தத் திட்டத்தையே கைவிடுவது நல்லது.

எந்த சப்?

உங்களுக்கு வேண்டியது ஆழம் குறைந்த சப். கடையில் ஷேலோ மவுண்ட் என்றோ ஸ்லிம் சப் என்றோ கேளுங்கள். சாதாரண 10 அங்குல சப்புக்குப் பின்னால் 12 முதல் 15 செ.மீ. ஆழம் தேவைப்படும். ஸ்லிம் வகை 8 அல்லது 9 செ.மீ.க்குள் அடங்கும். கதவில் பெட்டி நீட்டிக்கொண்டால் பக்க சீட்டில் இருப்பவரின் முழங்காலில் இடிக்கும், ஆகவே ஆழம்தான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் ‘1500 வாட்ஸ்’ என்று இருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். அது ஒரு நொடிக்கும் குறைவான உச்ச அளவு. உள்ளே தாளில் ஆர்எம்எஸ் என்று ஒரு எண் இருக்கும், அதுதான் தொடர்ந்து தாங்கும் சக்தி. பொலேரோ அளவுக் கேபினுக்கு 200 முதல் 300 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாராளம். அதே தாளில் மவுண்டிங் ஆழம், வெட்ட வேண்டிய துளையின் விட்டம், மூடிய பெட்டிக்கு எத்தனை லிட்டர் என்ற மூன்று எண்களும் இருக்கும். கடைக்காரர் சொல்வதை விட அந்தத் தாளை நம்புங்கள்.

சப்பை நேராகக் கதவுத் தகட்டிலேயே மாட்டினால் என்ன என்று எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் தோன்றும். ஸ்பீக்கரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் இழுக்கிறது. கதவுத் தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். பின்பக்கத்துக் காற்று அந்த வழியாக முன்பக்கம் வந்து, ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். பேஸ் காணாமல் போகும், தகடு மட்டும் உறுமும். அதனால்தான் காற்றுப் புகாத தனிப் பெட்டி. காற்றுக்குழாய் வைத்த போர்ட்டட் பெட்டி சத்தம் கூடுதலாகத் தரும் என்பது உண்மை. ஆனால் அதற்கு இடம் கூடுதலாக வேண்டும், கணக்குத் தப்பினால் பேஸ் குழறும். முதல்முறை செய்பவர் மூடிய பெட்டியே செய்யட்டும்.

கொள்ளளவுக் கணக்கு

உள் நீளம், உயரம், ஆழம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். உதாரணத்துக்கு, உள்ளளவு 60, 30, 10 என்றால் 18,000. அதாவது 18 லிட்டர். சப்பின் காந்தமும் கூண்டும் அடைக்கும் இடம் ஒன்றரை லிட்டர், உள்ளே கொடுக்கும் தாங்கு சட்டங்கள் அரை லிட்டர். மிச்சம் 16. பத்து அங்குல ஸ்லிம் சப்புகள் பெரும்பாலும் கேட்பது 14 முதல் 20 லிட்டருக்குள்தான், ஆக இது பொருந்தும். எட்டு அங்குலம் என்றால் 8 முதல் 11 லிட்டரே போதும். தாளில் கன அடியில் போட்டிருந்தால் 28.3-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஓரிரு லிட்டர் குறைந்தால் தலை போகாது. தலையணைக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாகப் பெட்டிக்குள் நிரப்பினால், சப்புக்குப் பெட்டி சற்றுப் பெரிதானது போலத் தெரியும். இலவம்பஞ்சு வேண்டாம், தூளாகி சப்பின் கம்பிச்சுருளுக்குள் போகும்.

பலகையை வெட்டுமுன் அட்டையில் ஒரு மாதிரி செய்யுங்கள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி போதும். வெட்டி, டேப் ஒட்டி, கதவில் நூலால் கட்டி, கதவை மூடுங்கள். பக்க சீட்டில் ஆளை உட்கார வையுங்கள். வீட்டில் உயரமானவரையும், ஏறி இறங்கச் சிரமப்படும் பெரியவரையும் இரண்டு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அப்பத்தா “இது என்னடா குறுக்கால?” என்று கேட்டால் ஆழத்தைக் குறைக்க வேண்டும். கைப்பிடி கைக்கு எட்டுகிறதா, கதவு மூடும்போது அட்டை ரப்பர் பீடிங்கில் நசுங்குகிறதா என்றும் இப்போதே தெரிந்துவிடும். இந்த அட்டை மாதிரிக்கு ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவானாலும் தப்பில்லை.

பலகை

ஸ்பீக்கர் பெட்டி என்றாலே எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்பார்கள். வீட்டுக்குள் வைக்கும் பெட்டிக்கு அது அருமையான பொருள். கதவில் வேண்டாம். ஈரம் பட்டால் ஓரம் ஊதி, ஸ்க்ரூ பிடி விட்டுவிடும், எடையும் அதிகம். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். கடையில் ‘710 கிரேடு’ என்றாலே எடுத்துக் கொடுப்பார்கள். சப் உட்காரும் முன்பலகை 18 மி.மீ., மற்றவை 12 மி.மீ. இருந்தால் எடையும் கட்டுக்குள் நிற்கும். மேலே சொன்ன அளவுக்குச் செய்த பெட்டி 6 கிலோ அளவில் வரும். சப் 4, 5 கிலோ. பன்னிரண்டுக்குள் அடங்குகிறது.

வெட்டுவதற்கு ஜிக்ஸா இல்லையென்றால் கவலை வேண்டாம், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஆசாரிகளுக்குப் பஞ்சமில்லை. நிலைக்கதவிலும் உத்திரத்திலும் இழைத்துப் பழகிய கை. ஆனால் ஒன்றை அவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாம் கேட்பது அழகு அல்ல, காற்றுப் புகாத மூட்டு. “ஊதினால் காற்று வெளியே வரக் கூடாது ஆசாரி” என்று சொன்னால் புரிந்துகொள்வார். ஒவ்வொரு மூட்டிலும் தண்ணீர் தாங்கும் பசை, 10 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ, காய்ந்த பிறகு உள்மூலைகள் எல்லாவற்றிலும் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட். துளையின் வட்டத்தைப் பென்சிலால் வரைந்து, சப்பின் விளிம்பை அதன் மேல் வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். சப்பைப் பிடிக்க மரஸ்க்ரூ போடாமல், பின்பக்கம் டி-நட் (பலகையில் பதியும் பல் வைத்த நட்) பதித்து போல்ட் போடுங்கள். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் மரஸ்க்ரூவின் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

வெளிப்புறம் முழுக்க இரண்டு கோட்டிங் பெயிண்ட் அல்லது வார்னிஷ், அதிலும் கதவுத் தகட்டைப் பார்க்கும் பின்பக்கத்துக்கு ஒரு கோட்டிங் கூடுதலாக. முன்பக்கம் கார்பெட் துணியோ ரெக்சினோ உங்கள் இஷ்டம். இரும்பு கிரில் ஒன்று கட்டாயம் போடுங்கள், சாமான் ஏற்றும்போது கோன் கிழியாமல் இருக்கும்.

காற்றுக்கசிவைப் பார்க்க எளிய வழி உண்டு. சப்பை மாட்டிவிட்டு, கோனை விரல்களால் பரவலாக, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். தயங்கித் தயங்கித் திரும்பினால் பெட்டி நன்றாக மூடியிருக்கிறது. சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ கசிகிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஆம்பை இணைத்து மெல்ல பேஸ் பாட்டு ஓடவிட்டு, மூட்டுகளின் அருகே ஊதுபத்தி காட்டுங்கள். புகை உதறும் இடத்தில் சீலன்ட் போதவில்லை.

பைபரில் செய்யலாமா?

கதவின் நெளிவுகளுக்கு ஏற்றபடி கண்ணாடியிழையில் வார்த்தால் ஒவ்வொரு அங்குலமும் பயன்படும், எடையும் குறையும், பார்க்கவும் கம்பெனிப் பொருத்தம் போல இருக்கும். முதல் பெட்டிக்கே இதில் இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பிடிவாதமாகச் செய்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள் மட்டும்.

பாலியெஸ்டர் ரெசினோடு கோபால்ட் ஆக்சிலரேட்டர், எம்இகேபி எனப்படும் ஹார்டனர் இரண்டும் தனித்தனியாகக் கொடுப்பார்கள். இந்த இரண்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடித்துத் தீப்பிடிக்கும். ரெசினில் முதலில் கோபால்ட்டைப் போட்டு நன்றாகக் கலக்கிய பின்புதான் ஹார்டனர். எம்இகேபி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மூடியைத் திறக்க வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் ரெசின் மளமளவென்று இறுகும், ஆகையால் ஹார்டனர் 1 சதவீதத்துக்குமேல் போகாமல், கால் லிட்டர் கால் லிட்டராகக் கலந்து காலையிலேயே வேலையை முடியுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பிலோ வளவிலோ உட்கார்ந்து செய்யாதீர்கள். ரெசின் கறை அந்தக் கல்லை விட்டுப் போகாது, அதன் நெடியும் வீட்டுக்குள் நாள் கணக்கில் நிற்கும். கொல்லைப்புறம் போங்கள்.

கதவில் பூட்டுவது

பேடைப் பிடிக்கும் கிளிப் ஓட்டைகளில் பெட்டியைத் தொங்கவிட நினைக்காதீர்கள். கதவின் உள்தகட்டில் மடிப்பு விழுந்து தடித்திருக்கும் சட்டப் பகுதிகளைத் தேடி, குறைந்தது 6 இடத்தில் எம்6 அல்லது எம்8 போல்ட். தகட்டின் மறுபக்கம் கை போனால் 3 மி.மீ. இரும்புப் பட்டை ஒன்றை வைத்து நைலாக் நட்டால் இறுக்குங்கள். கை போகாத இடத்தில் ரிவெட் நட் அடிக்கலாம். துளையிடுமுன் டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்துங்கள், இல்லையென்றால் ஒயரையோ வெளித்தகட்டையோ குத்திவிடும். துளையிட்ட ஓரங்களுக்கு உடனே ரெட் ஆக்சைடு பூசுங்கள்.

பெட்டிக்கும் தகட்டுக்கும் நடுவில் 5 மி.மீ. ரப்பரோ, தண்ணீர் உறிஞ்சாத ஃபோமோ வையுங்கள். நாளைக்குப் பூட்டு ரிப்பேர் என்றால் பெட்டியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதனால் பசை போட்டு ஒட்டாமல், ஆறு போல்ட்டை எடுத்தால் கையோடு வரும்படி செய்யுங்கள். ஒயரிலும் ஒரு கனெக்டர் வையுங்கள்.

டோர் பேடைப் பெட்டியின் வடிவத்துக்கு வெட்டித் திரும்ப மாட்டலாம். வெட்ட மனமில்லாதவர்கள் பழைய பேடைப் பத்திரமாக வைத்துவிட்டு, 4 மி.மீ. பிளைவுட்டில் புதுப் பேடு செய்துகொள்ளலாம். வண்டியை விற்கும்போது பழையது உதவும்.

ஒயரிங்

ஆம்ப் கதவில் வேண்டாம். எடை ஒரு காரணம், தினமும் நாலு தரம் அடித்து மூடும் அதிர்ச்சி இன்னொன்று. முன்சீட்டுக்கு அடியில் வைத்தால் சப்புக்கு இரண்டே இரண்டு ஒயர்தான் கதவைக் கடக்க வேண்டியிருக்கும். நுண்ணிழைச் செம்பு ஒயர், 2.5 சதுர மி.மீ. அளவு. செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் விலை குறைவுதான், ஆனால் மடங்கி மடங்கி நிமிரும் இடத்தில் அது சீக்கிரம் முறியும். கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஏற்கெனவே இருக்கும் ரப்பர் குழாய்க்குள்ளேயே நுழையுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி, சைக்கிள் பிரேக் கம்பியால் இழுத்தால் வந்துவிடும். கதவு முழுக்கத் திறக்கும்போதும் ஒயர் இழுபடாதபடி கொஞ்சம் தொய்வு விடுங்கள்.

250 வாட்ஸ் ஆம்ப் முழு வேகத்தில் 23 ஆம்பியர் வரை இழுக்கும். எனவே 8 கேஜ் செம்பு பவர் ஒயரும் 30 ஆம்பியர் ஃபியூஸும். ஃபியூஸ் ஆம்ப் பக்கம் இருந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். தவறு. பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நடுவழியில் ஒயர் உரசிப் பாடியைத் தொட்டால், வண்டி எரியாமல் காப்பது அந்த ஒரு ஃபியூஸ்தான். என்ஜின் சுவரைக் கடக்கும் இடத்தில் ரப்பர் கிரம்மெட் இல்லாமல் ஒயரை விடாதீர்கள். எர்த் ஒயர் அரை மீட்டருக்குள், பெயிண்டைச் சுரண்டி வெள்ளைத் தகட்டில் போல்ட் போட்டு. பவர் ஒயர் ஒரு பக்கம், ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் மறு பக்கம், இல்லையென்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘கீ…’ என்று கேட்கும். வேலை முடியும்வரை பேட்டரியின் நெகட்டிவ் கழற்றியே இருக்கட்டும்.

என்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுப் போட்டால் சராசரி 10 ஆம்பியர் என்றாலும் மூன்று மணி நேரத்தில் 30 ஆம்பியர்-அவர் போய்விடும். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) 1953 முதல் காரைக்குடியில்தான் இருக்கிறது. இருந்தும் இறங்கிப்போன பேட்டரிக்கு நாலு பேர் வண்டியைத் தள்ளித்தான் ஆக வேண்டும்.

லொடலொடப்பு

முதன்முதலில் சப்பை ஓடவிட்டதும் கேட்கப்போவது பேஸ் அல்ல, நம்பர் பிளேட். அப்புறம் ஸ்டெப்னி மூடி, பூட்டின் நாக்கு, வைப்பர் கை. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் டேப் ஒட்டுங்கள். வெளித்தகட்டின் உள்முகத்தில், தட்டினால் டம்மென்று அதிரும் நடுப்பகுதியில் 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் ஒட்டினால் பாதிச் சத்தம் அடங்கும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் மதுரையிலோ திருச்சியிலோ கார் ஆக்சசரீஸ் கடைகளில் கேளுங்கள். மொட்டைமாடிக்கு ஒட்டும் தார் ஷீட்டை மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால் வெயிலில் உருகி வழியும், நாற்றமும் அடிக்கும். முழுக் கதவையும் மூட வேண்டியதில்லை, மூன்றில் ஒரு பங்கு போதும். வடிகால் துளைகளை மட்டும் மறைக்காதீர்கள்.

டியூன் செய்வது

ஆம்பில் லோ பாஸ் (தாழ்ந்த ஒலியை மட்டும் சப்புக்கு விடும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ், பேஸ் பூஸ்ட் பூஜ்யம். கெயின் என்பது வால்யூம் திருகு அல்ல, ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. சப்பைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஸ்டீரியோவின் முக்கால் வால்யூமில் ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடியுங்கள். வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். 250 வாட்ஸ், 4 ஓம் என்றால் 1000-த்தின் வர்க்கமூலம், ஏறக்குறைய 31.6 வோல்ட். கெயினை அதுவரை திருப்பி நிறுத்துங்கள்.

சப்பைத் திரும்ப இணைத்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஆம்ப் அருகே ஒருவரை வைத்து, அதன் ஃபேஸ் சுவிட்சை (கோன் நகரும் திசையைத் திருப்புவது) 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி. தவில் ஒலிக்கும் நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். தவிலின் தொப்பிப் பக்கம் பின்னாலிருந்து தனியாகக் குமுறாமல் வண்டியின் முன்பக்கமிருந்தே வருவதுபோல் கேட்டால் பொருத்தம் சரி.

சத்தம் வெளியே போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரைதான் இரவு நேரம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். காப்பீட்டுக்காரரிடம் சப், ஆம்ப் பில்லைக் கொடுத்துப் பாலிசியில் கூடுதல் உபகரணமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் கம்பெனி ஒயர் எதையும் வெட்டாமல் வேலையை முடியுங்கள்.

மாட்டி ஒரு வாரம் ஓட்டிய பின், ஆறு போல்ட்டையும் கீல் போல்ட்டுகளையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். புதுவயல், கண்டனூர்ப் பக்கம் சரளை ரோடுகளில் ஓடும் வண்டி என்றால் மாதம் ஒருமுறை. கதவு பூட்டில் விழும்போது சற்றே கீழிறங்கி மோதுகிற மாதிரி இருந்தால், பாடியில் இருக்கும் பூட்டுக் கொக்கியின் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி 1, 2 மி.மீ. சரிசெய்யலாம். அதற்கு மேல் தொங்கினால் எடை அதிகம் என்று அர்த்தம், சப்பை எட்டு அங்குலமாக மாற்றுங்கள். ஐப்பசி மழை ஒன்று நன்றாகப் பெய்த மறுநாள் கனெக்டரைக் கழற்றிப் பெட்டியை இறக்கி, பின்பலகையைக் கையால் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் அப்படியே மாட்டிவிடலாம். ஈரம் இருந்தால் கண்ணாடி ரப்பரை மாற்றிவிட்டு, வடிகால் துளைகளை இன்னொரு முறை குத்திவிட்டு, அப்புறம் மாட்டுங்கள்.